"கெட்ட பழக்கம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்தினோம்: ஓ.பி.யில் குடியைப் பற்றி எப்படிக் கேட்பது

நாற்பத்தாறு வயது, பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். இரண்டு வருஷமாக எங்களிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். அம்லோடிபின் 5-ல் ஆரம்பித்து 10 ஆக்கி, அப்புறம் இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் பார்த்தாயிற்று, 160/100-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னேன், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன், சிறுநீரகம் வரை பரிசோதித்தேன். அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "கெட்ட பழக்கம்: இல்லை."

ஒரு திங்கட்கிழமை கூட்டம் கொஞ்சம் குறைவு. சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்: "சனிக்கிழமை சம்பளம் வந்தா எவ்வளவுங்ணா ஓடும்?"

"ஒரு ஆஃப் ஓடும்ங்க டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை ஒண்ணு."

"முன்னாடி கேட்டப்ப இல்லைன்னீங்களே?"

"நீங்க கெட்ட பழக்கம் உண்டான்னு கேட்டீங்க. நான் யாருகிட்டயும் சண்டைக்குப் போறதில்லைங்க, வீட்டுக்குக் காசு ஒழுங்கா குடுத்தர்றேன். அது எப்படிங்க கெட்ட பழக்கம்?"

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதே நோயாளி தன்னைத் தானே குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளும்படியான கேள்வி, அதற்கு யார் ஆமாம் சொல்வார்கள்? இரண்டு வருஷ மாத்திரை வீணாகப் போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு நானும் பிரஷர், சர்க்கரை மாதிரித் தொற்றா நோய்களைக் கவனிக்கும் எங்கள் என்.சி.டி. சிஸ்டரும் உட்கார்ந்து, குடியைப் பற்றியும் போதைப் பொருளைப் பற்றியும் எந்தக் கேள்வியை, யார், எப்போது கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்று இறங்கினோம். கேள்வித்தாள்களுக்குப் பஞ்சமில்லை, ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தோம். சின்ன கிளினிக் நடத்துகிறவர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்களும் இதே இடத்தில் தடுமாறிக்கொண்டிருப்பீர்கள் என்பதால், எதை ஏன் எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்று எழுதுகிறேன்.

யாரைத் தேடுகிறோம்?

இது தெளிவாக இல்லாவிட்டால் எந்தக் கேள்வித்தாளை எடுத்தாலும் தப்பாகத்தான் போகும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவரை, பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பவரைக் கண்டுபிடிக்க நமக்குக் கேள்வித்தாள் தேவையில்லை. ஊருக்கே தெரியும். ஆரம்பநிலை மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நாம் தவறவிடுவது நடுவில் இருப்பவர்களை. வேலைக்குப் போகிறார், குடும்பம் நடத்துகிறார், ஆனால் வாரக் கடைசியில் உடம்பு தாங்காத அளவு குடிக்கிறார். பிரஷர் இறங்காது, சர்க்கரை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் திடீரென்று தாழும், வயிற்றெரிச்சல் என்று மாதம் ஒரு முறை வருவார், பைக்கிலிருந்து விழுந்து தையல் போட வருவார். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கல்லீரல் வேறு சேர்ந்து கெடும். இவரை அடிமை என்று சொல்ல முடியாது. அபாயமாகக் குடிக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பேச்சிலேயே பலன் கிடைக்க வாய்ப்புண்டு.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், அதாவது சுமார் 16 கோடிப் பேர். ஆண்களில் மட்டும் பார்த்தால் 27.3 சதவீதம். இதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் எண் வேறு ஒன்று: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மீதி 37 பேரும் காய்ச்சலுக்கோ, வயிற்று வலிக்கோ, புண்ணுக்குக் கட்டுப் போடவோ எங்கேயாவது ஒரு ஓ.பி.யில் வரிசையில் நின்றிருப்பார்கள்தானே? அங்கே அவர்களிடம் யார் கேட்டார்கள்?

கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை

இதுதான் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றுவது. முகத்தைப் பார்த்தால் தெரியும், வாடை வந்தால் தெரியும். என் அனுபவத்தில் இப்படிக் கண்டுபிடித்ததெல்லாம் முற்றியவர்களைத்தான், அதிலும் ஏழைகளைத்தான். வெள்ளைச் சட்டை போட்டு வருகிற, மரியாதையாகப் பேசுகிற ஆளிடம் சந்தேகமே வருவதில்லை. பெண்களிடம் கேட்கத் தோன்றுவதே இல்லை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறதா, எம்.சி.வி. எனப்படும் சிவப்பணுவின் அளவு கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆள் மறைத்தாலும் ரத்தம் மறைக்காது என்று ஒரு நினைப்பு. ஆனால் ஜி.ஜி.டி. கொழுப்புக் கல்லீரலிலும் ஏறும், வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும், நம் ஊரில் சர்க்கரைக்காரர்களில் கொழுப்புக் கல்லீரல் எத்தனை பேருக்கு என்று சொல்லவே வேண்டாம். பி12 குறைந்தாலும் எம்.சி.வி. கூடும். அதே சமயம் வாரக் கடைசியில் மட்டும் குடிக்கும் ஒருவருக்கு எல்லாமே நார்மலாக வந்து, "பாருங்க, லிவர் நல்லாத்தானே இருக்கு" என்று அவருக்கு நாமே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு நடந்தது இது. குடியைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுப்பதை விட்டுவிட்டோம். குடிக்கிறார் என்று தெரிந்த பிறகு சேதம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு மட்டும் எடுக்கிறோம்.

நான்கு கேள்வி: கேஜ்

மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் மனப்பாடம் செய்தது இதைத்தான். அமெரிக்காவில் ஜான் ஈவிங் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா, மற்றவர்கள் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா, குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் முதல் வேலையாகக் குடித்ததுண்டா. இரண்டுக்கு ஆமாம் என்றால் சந்தேகிக்க வேண்டும்.

குட்டியாக இருக்கிறது, ஒரு நிமிஷம் போதும். ஆனால் இது எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்பதே இல்லை. இப்போதா, பத்து வருஷத்துக்கு முன்பா என்றும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் கேட்டுப் பார்த்தபோது இன்னொரு சிக்கலும் தெரிந்தது. தீபாவளிக்கு ஒரு பீர் குடித்தாலே வீட்டில் திட்டு விழும் குடும்பங்கள் இருக்கின்றன, அவருக்கு எரிச்சலும் உண்டு, குற்ற உணர்வும் உண்டு, இரண்டு மதிப்பெண் வந்துவிடும். நம் டெய்லர் அண்ணனோ நாலுக்கும் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் அவருக்கு அதில் குற்ற உணர்வே இல்லை. முற்றியவரைப் பிடிக்க வேண்டுமானால் கேஜ் உதவும். நாம் தேடும் ஆளுக்கு உதவாது. விட்டோம்.

பத்துக் கேள்வி: ஆடிட்

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆரம்பநிலை மருத்துவமனை நோயாளிகளை வைத்தே உருவாக்கியது, 1993-ல் வெளியானது. எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு அளவு, நிறுத்த முடியாமல் போனதா, காலையில் குடித்தீர்களா, நடந்தது மறந்து போனதா, அடிபட்டதா, வீட்டிலோ டாக்டரோ கவலைப்பட்டார்களா என்று பத்து. மொத்தம் 40 மதிப்பெண். 8-க்குக் கீழே என்றால் பொதுவாகச் சொல்லி அனுப்பலாம், 8 முதல் 15 வரை என்றால் எளிய அறிவுரை, 16 முதல் 19 வரை என்றால் உட்கார வைத்து ஆலோசனை, தொடர்ந்து கண்காணிப்பு, 20 அல்லது அதற்கு மேல் என்றால் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணோடு அடுத்து என்ன செய்வது என்பதும் சேர்ந்தே வருகிறது என்பதுதான் இதன் அழகு.

சிக்கல் நேரம். காலை நாலு மணி நேரத்தில் 150 பேரைப் பார்க்கிறோம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் வருகிறது. ஆடிட் மட்டுமே இரண்டு முதல் நாலு நிமிஷம் பிடிக்கும். எல்லோருக்கும் கேட்பதாக முடிவெடுத்த முதல் வாரமே வரிசை கேட்டைத் தாண்டியது. இரண்டாவது வாரத்தில் சிஸ்டர் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

மூன்று கேள்வி, அப்புறம் குவார்ட்டர் கணக்கு

ஆடிட்டின் முதல் மூன்று கேள்வியை மட்டும் எடுத்தால் அதுதான் ஆடிட்-சி. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை, ஒரு தடவைக்கு எத்தனை அளவு, ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை. மொத்தம் 12. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அப்படியே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால் பயங்கரமாக ஏமாற்றும், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. "ஒரு தடவைக்கு எத்தனை?" என்று கேட்டால் "ஒண்ணுதாங்க" என்பார். ஒன்று என்றால் ஒரு குவார்ட்டர். கேள்வித்தாளில் ஒன்று, அதாவது ஓர் அளவு என்றால் 10 கிராம் ஆல்கஹால். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஆறு அளவு! கட்டிங் 90 மில்லி, அது மூன்று அளவு. ஆஃப் என்றால் பன்னிரண்டு. 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு, 8 சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங் பீர் என்றால் நாலு.

சனிக்கிழமை தோறும் ஒரே ஒரு குவார்ட்டர் குடிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன "ஒண்ணு" என்பதை அப்படியே எழுதினால் மாதத்துக்கு நாலு முறை என்பதற்கு 2, அளவுக்கு 0, ஆறைத் தொடுவதில்லை என்று 0. மொத்தம் 2, ஆபத்தில்லை என்று அனுப்பிவிடுவோம். சரியாக எழுதினால் 2, அளவு ஆறு என்பதால் 2, வாரா வாரம் ஆறைத் தொடுவதால் 3, மொத்தம் 7. அதே ஆள், அதே பதில். எழுதுகிறவருக்குக் குவார்ட்டர் கணக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் டெய்லர் அண்ணனுக்கு 12-க்கு 10 வந்தது.

அதனால் நாங்கள் "எத்தனை டிரிங்க்" என்று கேட்பதே இல்லை. "கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா?" என்று நேராகக் கேட்டு, பிரஷர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கும் அட்டையைப் பார்த்து சிஸ்டரே மாற்றி எழுதிக்கொள்கிறார். இந்த வார்த்தைகள் நம் வாயிலிருந்து வந்ததுமே எதிரில் இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். இவங்க திட்டப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நம் ஊரில் குடிக்கிறவர் பலரும் குவார்ட்டராகவே குடிப்பதால், வருஷத்துக்கு மூன்று விசேஷத்துக்கு மட்டும் ஒரு குவார்ட்டர் போடுகிறவருக்கும் 4 வந்துவிடும். 1, 2, 1 என்று கூட்டிப் பாருங்கள். 4-ஐ எல்லையாக வைத்தால் குடிக்கிற எல்லோரும் வலையில் விழுவார்கள், யாரைக் கவனிப்பது என்று தெரியாமல் திணறுவோம். அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளிலேயே ஆலோசனையை வலியுறுத்துவது 5 மதிப்பெண்ணிலிருந்துதான். நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், 5 வந்தவரிடம் அங்கேயே ஆடிட்டின் மீதி ஏழு கேள்வியையும் கேட்கிறோம். முதல் மூன்றும் ஒன்றேதான் என்பதால் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. விசேஷத்துக்குக் குடிக்கிறவர் அதற்கு முன்பே வெளியே வந்துவிடுவார். குடிக்காதவருக்கு முதல் கேள்வியோடு முடிந்தது, பத்து வினாடி.

ஒரே ஒரு கேள்வி போதுமா?

கடந்த ஒரு வருஷத்தில் ஒரே நாளில் ஐந்து அளவோ அதற்கு மேலோ, பெண்கள் என்றால் நாலோ அதற்கு மேலோ, எத்தனை முறை குடித்தீர்கள்? ஒரு முறை என்று சொன்னாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஆரம்பநிலை மருத்துவமனைகளில் நன்றாகவே வேலை செய்த கேள்வி. தனி டாக்டர், உதவிக்கு ஆளே இல்லாத கிளினிக் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்: "போன வருஷத்துல ஒரு குவார்ட்டரோ அதுக்கு மேலயோ எத்தனை நாள் போட்டிருப்பீங்க?" எங்களுக்கு சிஸ்டர் இருப்பதாலும், மூன்று மாதம் கழித்து மதிப்பெண் குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எண் வேண்டும் என்பதாலும் ஆடிட்-சி பக்கம் சாய்ந்தோம்.

இந்தக் கேள்வியில் நான் கற்றுக்கொண்டது அதன் கடைசி வார்த்தையை. "உண்டா" என்று கேட்டால் இல்லை என்பது சுலபம். "எத்தனை" என்று கேட்டால் இல்லாதவர் பூஜ்யம் என்பார், இருக்கிறவர் கணக்குப் போட ஆரம்பிப்பார். மற்ற எல்லாக் கேள்வியையும் இந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டோம்.

மாத்திரையும் கஞ்சாவும்

குடியைப் பற்றிப் பேசும் சுதந்திரம் இதில் இல்லை. போலீஸ் பயம் இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பையன்கள் தபென்டடால் மாதிரியான வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டு கையில் சீழ்க்கட்டியோடு வரும் காலத்தில், இதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பதற்கு அசிஸ்ட் இருக்கிறது, இதுவும் உலக சுகாதார நிறுவனத்துடையதுதான். எட்டுக் கேள்வி, புகையிலை, மது, கஞ்சா, தூக்க மாத்திரை, முகர்ந்து பார்ப்பவை, ஓபியாய்டு எனப்படும் அபின் வகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். மதுவுக்கு 11, மற்றவற்றுக்கு 4 வந்தால் நடுத்தர ஆபத்து, எதுவானாலும் 27 வந்தால் அதிக ஆபத்து. வாயில் அதக்கும் ஹான்ஸ், கூல் லிப் வரை இதில் வந்துவிடும் என்பது எங்கள் மாதிரி ஊருக்குப் பெரிய வசதி. ஆனால் ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆகும், இரண்டு மூன்று பொருள் பயன்படுத்துகிறவர் என்றால் இன்னும் நீளும். ஓ.பி. வரிசையில் நடக்காது.

அதனால் இதற்கும் முன்னால் ஒரு கேள்வி வைத்தோம். "டாக்டர் எழுதித் தராத வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கஞ்சா, ஊசி, போன வருஷத்துல எத்தனை தடவை?" பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்று மதியம் தனியாக வரச் சொல்லி அசிஸ்ட். பயப்படுகிறவரிடம் ஒன்று சொல்லலாம்: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்கில் மாட்டியவர்கூடத் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பெண்களிடமும் கட்டாயம் கேளுங்கள். மெடிக்கலில் மகன் வாங்கித் தந்த தூக்க மாத்திரையை மூன்று வருஷமாக விடாமல் சாப்பிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அப்புறம், எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத ஒன்றையும் நான் பெண்களிடம் சேர்த்துக் கேட்கிறேன்: "வீட்ல யாராவது குடிக்கிறதால உங்களுக்குத் தொந்தரவு இருக்காம்மா?" தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வருஷக் கணக்கில் வந்துகொண்டிருந்த சிலர் அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதார்கள்.

யார் கேட்பது?

டாக்டர் கேட்டால் மரியாதைக்காக மறைக்கிறார்கள், அதிலும் பெண் டாக்டரிடம். தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டச் சொல்வார், ரகசியம் போயிற்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் தம்பிகளுக்குத் தமிழ்த் தாளே பயனில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அக்காக்களிடம் கேட்கச் சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் அதே தெருக்காரர். மனைவியும் மாமியாரும் நிற்கும் வாசலில் கேட்கிற கேள்வி இல்லை இது.

பிரஷர் பார்க்கும் மேஜையில் சிஸ்டர் கேட்பதுதான் சரியாக வந்தது. கையில் பட்டை கட்டியிருக்கும் அந்த ஒரு நிமிஷம் ஆள் எங்கும் நகர முடியாது, கூட வந்தவர்கள் தள்ளி நிற்பார்கள். ஆனால் பட்டை இறுகும்போது பேசினால் பிரஷர் கூடக் காட்டும், அதனால் அளந்து முடித்த பிறகு, கழற்றுவதற்கு முன்பு.

கேட்டாயிற்று, அப்புறம்?

உதவ வழியில்லாமல் கேட்பது பாவம். ஆரம்பநிலை மருத்துவமனையில் கொடுக்கும் சிறு ஆலோசனைகளைப் பற்றிய 69 ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஒரு வருஷ முடிவில் வாரத்துக்குச் சுமார் 20 கிராம் குறைந்திருந்தது, நம் கணக்கில் ஒரு லார்ஜ். சின்னதுதான். ஆனால் ஐந்து நிமிஷப் பேச்சுக்கு அது கிடைக்கிறது என்றால் நான் எடுத்துக்கொள்வேன்.

நம் நாட்டுக்கு நெருக்கமானது கோவாவில் நடந்தது. சங்கத் என்ற தொண்டு அமைப்பினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த 377 ஆண்களை வைத்துச் செய்து 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களும் இல்லை, மனநல நிபுணர்களும் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நாலு அமர்வு. மூன்று மாதத்தில் ஆபத்து எல்லைக்குக் கீழே வந்தவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26. கடைசி 14 நாளில் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள் 42 சதவீதம், மற்ற பக்கத்தில் 18. தொடர்ந்து குடித்தவர்களின் தினசரி அளவு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை, நம் ஆட்கள் குறைப்பதைவிட ஒரேயடியாக விடுவதைத்தான் சுலபமாக நினைக்கிறார்கள்.

போதைப் பொருள் விஷயத்தில் இந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். பாஸ்டனில் ஆரம்பநிலை மருத்துவமனையில் 528 பேரை வைத்தும், வாஷிங்டன் மாநிலத்தில் 868 பேரை வைத்தும் செய்து 2014-ல் வெளியான இரண்டு ஆய்வுகளிலும் சிறு ஆலோசனையால் எந்தப் பலனும் இல்லை. கேட்பது அவசியம், ஆனால் கேட்டுவிட்டு அறிவுரை சொல்லி அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஊசி போடுகிறவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நானே போன் செய்து நாள் வாங்கி அனுப்புகிறேன். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

விடச் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்பு நான் அனுப்பிய ஒருவர், பெரிய மருத்துவமனை ஒன்றில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் கத்தி, கட்டிலிலிருந்து குதித்து, தையல் பிரிந்து போனது. தினமும் குடிக்கிறவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அனுப்பிய நானும் சீட்டில் எழுதவில்லை. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நாலு நாளில் மனக்குழப்பமும் நடுக்கமும் வந்து உயிரே போகலாம். கோவிலில் கயிறு கட்டிவிட்டு வந்து வீட்டில் படுத்துக்கொள்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கண்டுபிடிக்க எங்கள் ஊர்க் கேள்வி ஒன்று: "சபரிமலைக்கு மாலை போட்டப்ப முதல் ரெண்டு மூணு நாள் உடம்பு எப்படி இருந்துச்சு?" ஒன்றுமே ஆகவில்லை, ஒரு மண்டலம் சுகமாக இருந்தேன் என்றால் தைரியமாக நிறுத்தச் சொல்லலாம், அதற்குப் பிறகு குடி கூடவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கை நடுங்கியது, தூக்கமே இல்லை, வியர்த்துக் கொட்டியது என்றால் தயாமின் (வைட்டமின் பி1) ஆரம்பித்து மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

"அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற மருந்து இருக்காமே டாக்டரம்மா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். டைசல்ஃபிராமைத்தான் சொல்கிறார்கள். அதைச் சாப்பிட்டது தெரியாமல் குடித்தால் பிரஷர் விழுந்து ஆளே போய்விடலாம். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்கிறேன், அவர் கணவரை வேறு ஏதாவது சாக்கில், பிரஷர் பார்க்க என்றாவது, கூட்டி வரச் சொல்கிறேன்.

ஆக எங்கள் ஏற்பாடு இப்போது இதுதான்: பதினெட்டு வயது தாண்டிய எல்லோரிடமும், பெண்கள் உட்பட, வருஷத்துக்கு ஒரு முறை குவார்ட்டர் கணக்கில் ஆடிட்-சி, கூடவே மாத்திரைக் கேள்வி ஒன்று. 5 வந்தால் மீதி ஏழு. மொத்தம் 8 முதல் 19 வரை சிஸ்டரும் நானும் பேசுகிறோம், 16-ஐத் தொட்டால் மாதா மாதம் வரச் சொல்கிறோம். 20-ஐத் தொட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம். பிரஷர், சர்க்கரை, காசநோய் நோட்டு வைத்திருப்பவர்களிடம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

எந்த மாதத்தில் கேட்பது என்பதில் மட்டும் முதல் வருஷம் தப்புச் செய்தோம். கார்த்திகையில் ஆரம்பித்தோம், பாதிப் பேர் மாலை போட்டிருந்தார்கள், "நான் குடிக்கிறதே இல்லைங்க" என்று கழுத்தைக் காட்டினார்கள். தை பிறந்த பிறகு கேட்டால் பொங்கலுக்கு மட்டும்தான் என்றார்கள். இப்போது மாசியில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடிக்கிறோம். டெய்லர் அண்ணன் போன மாசியில் வந்தபோது சனிக்கிழமை ஒரு கட்டிங்கோடு நிற்பதாகச் சொன்னார், சிஸ்டர் அட்டையைப் பார்த்து 3 என்று எழுதினார், பிரஷர் 138/88. அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை அவர் எதிரிலேயே அடித்தேன்.